மரம் மறைக்காத தானியம்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், ஸ்பே ஆற்றுப் பகுதியில் ரோத்தஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜான் கிராண்ட், ஜேம்ஸ் கிராண்ட் என்ற சகோதரர்கள் 1840ல் அங்கே ஒரு வடிசாலையைத் தொடங்கினார்கள். அதன் பெயர் கிளென் கிராண்ட். மிலான் நகரத்து வணிகர் ஆர்மாந்தோ ஜொவினெத்தி 1961ல் அங்கே போனார். ஊர் திரும்பும்போது ஐந்து வயதுச் சிங்கிள் மால்ட் விஸ்கி 50 பெட்டிகள் கொண்டுவந்தார். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு செய்த விஸ்கி. அன்று ஸ்காட்லாந்திலேயே அதைத் தனியாகக் குடித்தவர்கள் குறைவு. வடித்ததில் பெரும்பகுதி, கலப்பு விஸ்கி விற்கும் நிறுவனங்களுக்குப் போனது. கிளென்ஃபிடிக் வடிசாலை தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைந்து விற்கத் தொடங்கியதே 1963ல்தான். இத்தாலியர்களோ அதற்குள்ளாகவே இந்த வெளிறிய, லேசான, இளம் விஸ்கியை விரும்பிக் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

இத்தாலிக்குப் போன அந்தப் பாட்டில்களில் ஒரு சிறப்பு உண்டு. வயது ஐந்து என்பதோடு, வடித்த ஆண்டையும் லேபிளில் அச்சிட்டார்கள். 1967 என்று போட்டிருந்தால் அது 1967ல் வடித்து, ஐந்தாண்டு பீப்பாயில் வைத்து, 1972 வாக்கில் பாட்டிலுக்குள் அடைத்த சரக்கு. வாங்கியதும் குடித்துத் தீர்ப்பதற்கென்று விற்ற பாட்டில் இது. சேர்த்துவைக்க வேண்டிய பொருள் என்று அன்று யாரும் கருதவில்லை. அதனாலேயே இன்று அரிதாகிவிட்டது.

விஸ்கியின் மதிப்பை அது பீப்பாயில் கிடந்த ஆண்டுகளை வைத்து எடைபோடுவது வழக்கம். முப்பது வயது, ஐம்பது வயது என்றால் விலை ஏறுகிறது. ஆனால் அரைநூற்றாண்டுக்கு முந்தைய ஒரு வடிசாலையில் என்ன நடந்தது, எந்தத் தானியம் ஊறியது, எந்த நெருப்பில் கொதித்தது என்பதை அறிய வேண்டுமானால் ஐம்பது வயது விஸ்கியைவிட ஐந்து வயது விஸ்கியே நம்பகமான சாட்சி என்பது என் கருத்து. முதியதில் மரம் பேசுகிறது. இளையதில் தானியமும் செம்பும் நெருப்பும் பேசுகின்றன. இதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்தில் வடித்த சாராயத்தை ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்த பிறகுதான் ஸ்காட்ச் விஸ்கி என்று அழைக்க முடியும். பீப்பாயின் கொள்ளளவு 700 லிட்டரைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதல் உலகப்போர்க் காலத்தில், தொழிலாளர்களின் குடிப்பழக்கத்தைக் கட்டுப்படுத்த பிரிட்டிஷ் அமைச்சர் லாய்ட் ஜார்ஜ் முனைந்தபோது, 1915ல் வந்த சட்டம் இரண்டாண்டுக் காத்திருப்பைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டே அது மூன்றானது. மலிவான புதுச் சாராயத்தைத் தடுக்க வந்த அந்த விதி, ஸ்காட்ச்சின் தரத்துக்கே அடித்தளமாகிவிட்டது. ஆக ஐந்து வயது என்பது சட்டத்தின் எல்லையை இரண்டே ஆண்டுகள் தாண்டிய பருவம்.

அந்த ஐந்தாண்டில் பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது? வாலை என்னும் செப்பு வடிகலத்திலிருந்து இரண்டாம் முறை வடிந்து வரும் புதுச் சாராயம் நிறமற்றது. ஆல்கஹால் ஏறத்தாழ 70 சதவீதம் இருக்கும். நீர் சேர்த்துப் பெரும்பாலும் 63.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் நிரப்புகிறார்கள். அதன் மணத்தில் பழமும் தானியமும் இருக்கும். கூடவே வெந்த முட்டைக்கோஸ், பற்றவைத்த தீக்குச்சி போன்ற கந்தக வாடையும் இருக்கும். டைமெத்தில் சல்ஃபைடு, டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு போன்ற சேர்மங்களே அதற்குக் காரணம். இவற்றில் ஒரு பகுதியை வாலையின் செம்பு பிடித்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் கந்தகத்தோடு வினைபுரிந்து வாலையின் சுவரே மெலிந்துபோய், செம்புத் தகட்டை மாற்ற வேண்டிவரும். செம்பிடமிருந்து தப்பி வந்ததைப் பீப்பாய் பார்த்துக்கொள்கிறது. உட்சுவரைக் கருக்கி உண்டாக்கிய கரிப்படலம் கந்தகச் சேர்மங்களை உறிஞ்சுகிறது. லேசானவை மரத்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகின்றன. மற்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து உருமாறுகின்றன. இந்தக் கழித்தல் வேலை முதல் சில ஆண்டுகளிலேயே பெருமளவு முடிந்துவிடும்.

கூட்டல் வேலையோ நெடுங்காலம் நடக்கும். ஓக் மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் தருகிறது. மரத்தின் கொழுப்பிலிருந்து வரும் விஸ்கி லாக்டோன் தேங்காய் மணம் கொண்டது. யூஜினால் வேறொன்றுமில்லை, நம் கிராம்பில் இருக்கும் அதே பொருள். டானின்கள் துவர்ப்பையும் நிறத்தையும் கொடுக்கின்றன. ஆண்டுகள் ஏற ஏற இவை சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் தானியத்தின் குரல் அடங்கிவிடும். ஐந்து வயது என்பது கழித்தல் முடிந்து, கூட்டல் பாதிகூட நடக்காத நிலை. சாராயத்தின் முரட்டுத்தனம் தணிந்திருக்கும். மரம் இன்னும் மூடியிருக்காது. பலமுறை பயன்படுத்திய, சாறு தளர்ந்த பீப்பாயாக இருந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்நாளைய ஐந்து வயது கிளென் கிராண்ட்டின் வைக்கோல் நிறமே மரத்தின் தலையீடு குறைவு என்பதைக் காட்டுகிறது.

ஆண்டு என்பதே பக்குவத்தின் அளவுகோல் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. அங்கே அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் அம்ருத் வடிசாலை தன் சிங்கிள் மால்ட்டை வைத்திருக்கும் கிடங்கில் இழப்பு 10 சதவீதத்துக்கும் மேல். வெப்பத்தில் மரத்துக்குள் சாராயம் வேகமாக நுழைகிறது, வேகமாகச் சாறெடுக்கிறது. 2004ல் கிளாஸ்கோவிலேயே அறிமுகமான அம்ருத், நான்கைந்து வயதிலேயே ஸ்காட்லாந்தின் இருமடங்கு வயது விஸ்கிக்கு நிகரான மர அழுத்தத்தைக் காட்டுகிறது. ஆகவே ஐந்து வயதில் மரம் ஒதுங்கி நிற்பது குளிர்நாட்டு விஸ்கிக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு.

சரி, மரம் ஒதுங்கி நின்றால் 1967ன் பாட்டிலில் எது முன்னால் வரும்? முதலில் பார்லி. ஸ்காட்லாந்து விஸ்கியின் வரலாற்றில் புகழ்பெற்ற கோல்டன் பிராமிஸ் வகை 1960களின் பிற்பாதியில்தான் வயல்களுக்கு வந்தது. மேதோர்ப் என்ற பழைய வகையின் விதைகளை 1956ல் காமாக் கதிர்களுக்கு உட்படுத்தியபோது பிறந்த குட்டை வகை அது. தண்டு குட்டையாக இருந்ததால் ஸ்காட்லாந்தின் காற்றிலும் மழையிலும் சாயாமல் நின்றது. 1970களில் நாட்டின் வயல்களை ஆண்டது. 1967ல் கொதித்த மாவு பெரும்பாலும் அதற்கும் முந்தைய வகைகளிலிருந்து வந்தது. அந்தக் காலப் பார்லி ஒரு டன்னுக்கு 400 லிட்டர் ஆல்கஹால்கூடத் தராது. இன்றைய வகைகள் 410 லிட்டரைத் தாண்டுகின்றன. அதாவது ஒவ்வொரு மணியிலும் மாவுச்சத்தின் பங்கு கூடியிருக்கிறது. புரதத்துக்கும் உமிக்கும் கொழுப்புக்கும் உரிய இடம் குறைந்திருக்கிறது. மணத்தின் மூலப்பொருள்களில் பல இந்தக் குறைந்த பகுதியில்தான் இருக்கின்றன. விளைச்சலைக் கூட்டியதற்குச் சுவையில் விலை கொடுத்திருக்கிறோமா என்பது வடிசாலைக்காரர்கள் இன்றும் சூடாக வாதிடும் கேள்வி. கொடுத்திருக்கிறோம் என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

அடுத்தது முளைகட்டுதல். பார்லியை ஊறவைத்து, முளை எட்டிப்பார்க்கும் நேரத்தில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். முளைவிடும் விதை தன் மாவுச்சத்தை உடைக்க நொதிகளைத் தயாரிக்கும். அந்த நொதிகளை உயிரோடு வைத்துக்கொண்டு முளையை மட்டும் நிறுத்துவதுதான் கலை. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கும்போது எழும் இனிப்பான வாசனைக்கும் மால்ட்டின் வாசனைக்கும் பின்னால் இருப்பது ஒரே வேதியியல்: சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேரும் மெய்லார்டு வினை. தரையில் பரப்பி மண்வெட்டியால் புரட்டிப்போடும் பழைய முறையை 1960களிலும் 70களிலும் பெரும்பாலான வடிசாலைகள் கைவிட்டு, பெரிய ஆலைகளிலிருந்து மால்ட் வாங்கத் தொடங்கின. ஸ்பிரிங்பேங்க், பால்வெனி, பௌமோர், லஃப்ரோய்க் போன்ற சில இடங்களில் மட்டும் தரை முறை இன்னும் நடக்கிறது.

மூன்றாவதாக நெருப்பு. இதுவே மிகப்பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். இன்று ஏறத்தாழ எல்லா வாலைகளும் நீராவிக் குழாய்களால் சூடாகின்றன. வெப்பம் சீராகப் பரவுகிறது, எதுவும் அடிப்பிடிப்பதில்லை. 1960களில் கிளென் கிராண்ட் உட்படப் பல வடிசாலைகளில் வாலைக்கு நேர் கீழே நிலக்கரி எரிந்தது. முதல் வாலையில் கொதிப்பது நொதித்த மால்ட் சாறு. அதில் ஈஸ்ட்டும் நுண்ணிய தானியத் துகளும் மிதக்கும். நேரடி நெருப்பில் அவை வாலையின் அடியில் ஒட்டிக் கருகும். கருகிக் கெட்டுவிடாமல் இருக்க ரம்மஜர் என்ற செப்புச் சங்கிலி வலை அடியைச் சுரண்டியபடி சுற்றிக்கொண்டே இருக்கும். கருகலின் எல்லையில் நடக்கும் அந்த வினைகளில் ஃபர்ஃபுரால் போன்ற சேர்மங்கள் பிறக்கின்றன. வறுத்த கொட்டை, ரொட்டியின் மேலோடு, லேசான புகைச்சல் என்று அவை விஸ்கியில் தெரியும். சங்கிலியின் உரசல் வேறு ஒவ்வொரு சுற்றிலும் புதுச் செம்பை வெளிப்படுத்தி, கந்தகத்தைப் பிடிக்க உதவியது. நீராவிக்கு மாறியபோது எரிபொருள் மிச்சமானது, வேலை எளிதானது, தீ விபத்து பயம் குறைந்தது. இவற்றைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒரு சுவை அடுக்கும் கூடவே போய்விட்டது.

கிளென் கிராண்ட்டின் வாலைகள் உயரமும் ஒடுக்கமும் கொண்டவை. 1872ல் வடிசாலையைப் பெற்ற அடுத்த தலைமுறை ஜேம்ஸ் கிராண்ட், ஊரார் அழைத்தபடி ‘மேஜர்’, வாலையின் கழுத்துக்குப் பின்னால் நீரால் குளிர்வித்த ஒரு செப்புக் கலத்தைப் பொருத்தினார். கனமான ஆவிகள் அதில் குளிர்ந்து மறுபடி வாலைக்கே திரும்பிவிடும். லேசானவை மட்டும் முன்னேறும். பச்சை ஆப்பிள் மணம் தரும் எத்தில் ஹெக்ஸனோயேட்டும், வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டும் இப்படி லேசாகத் தாண்டி வரும் எஸ்டர்கள். இரண்டையும் நொதித்தலின்போது ஈஸ்ட் உருவாக்குகிறது. வடிசாலையின் ஈஸ்ட்டும் அன்று தனி வகை மட்டும் அல்ல. பீர் ஆலைகளில் மிஞ்சிய ஈஸ்ட்டைச் சேர்ப்பது பரவலான வழக்கம். நொதித்தல் இரண்டு நாளைத் தாண்டினால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையைத் தொடரும். எஸ்டர் வகைகள் கூடும். ஐந்து வயதில் இந்த எஸ்டர்களுக்கு மேல் வெனிலினின் கனத்த போர்வை விழுந்திருக்காது. இத்தாலியர்களுக்குப் பிடித்தது இந்தப் பழ மணம்தான்.

இனி பாட்டிலுக்கு வருவோம். பீப்பாயை விட்டதும் விஸ்கியின் வயது நின்றுவிடுகிறது. திராட்சை மதுவில் இருப்பதுபோல் பாட்டிலுக்குள் பக்குவமாவது இதில் இல்லை. ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதால் நுண்ணுயிர் எதுவும் வாழ முடியாது; மரமும் இல்லை, புதுக் காற்றும் இல்லை. 1972ல் அடைத்த ஐந்து வயது விஸ்கி இன்றும் ஐந்து வயதுதான்.

இதற்கு அழகான சான்று அண்டார்க்டிக்காவிலிருந்து கிடைத்தது. எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1907ல் நிம்ரோட் கப்பலில் தென்துருவப் பயணம் போனபோது மெக்கின்லே நிறுவனத்தின் மால்ட் விஸ்கி 25 பெட்டிகளைக் கொண்டுபோனார். கேப் ராய்ட்ஸில் அவர் கட்டிய குடிலின் அடியில், பனியில் உறைந்துகிடந்த பெட்டிகளை நியூஸிலாந்தின் அண்டார்க்டிக் பாரம்பரிய அறக்கட்டளை 2010ல் வெட்டியெடுத்தது. கிறைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டியை மெதுவாக உருகவைத்தார்கள். அந்த விஸ்கிப் பெயரின் உரிமை அப்போது வைட் அண்ட் மெக்கே நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனம் விஜய் மல்லையாவின் குழுமத்திடம் இருந்தது. 2011 ஜனவரியில் மூன்று பாட்டில்கள் அவருடைய தனி விமானத்தில் ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்தன. கார்க்கைத் திறக்காமல், ஊசி செலுத்திச் சிறிதளவு உறிஞ்சி ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் 47.3 சதவீதம், நூறாண்டில் எதுவும் போய்விடவில்லை. விஸ்கி இன்வர்னெஸ் நகரின் கிளென் மோர் வடிசாலையைச் சேர்ந்தது என்றும், மால்ட்டை உலர்த்திய பீட் கரிமண் ஆர்க்னி தீவைச் சேர்ந்தது என்றும் கண்டார்கள். அக்கால விஸ்கி முரட்டுப் புகை நாற்றம் கொண்டிருக்கும் என்பது பொதுவான எண்ணம். அளந்து பார்த்ததும் நுகர்ந்து பார்த்ததும் அதைப் பொய்யாக்கின: புகை மிதமாக, பழ மணத்தோடு, நேர்த்தியாக இருந்தது. கிளென் மோர் 1983ல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அதன் சாராயம் எப்படி இருந்தது என்பதை ஒரு மூடிய பாட்டில்தான் எடுத்துச்சொன்னது.

எல்லாப் பாட்டிலுக்கும் அண்டார்க்டிக்காவின் குளிர் கிடைப்பதில்லை. மிலான் நகரத்து மதுக்கடை அலமாரியில் ஐம்பது கோடைகளைக் கண்ட பாட்டிலில் சில மாற்றங்கள் நடந்திருக்கும். மூடியின் இடுக்கு வழியே ஆவி கசியும். கழுத்துவரை இருந்த திரவம் தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் ஆல்கஹாலும் லேசான எஸ்டர்களும் குறைந்து, காற்று உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். தெளிந்த கண்ணாடி வழியே வெயில் பட்டிருந்தால் நிறம் வெளுத்து, மணம் தட்டையாகியிருக்கும். எஸ்டர்களும் அமிலங்களும் ஆல்கஹாலும் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொள்ளும் வினைகள் பாட்டிலுக்குள்ளும் மிக மெதுவாக நடக்கின்றன. ஆல்டிஹைடுகள் ஆல்கஹாலோடு சேர்ந்து அசிட்டால்களாகின்றன. பழைய பாட்டில்களில் சுவைஞர்கள் அடிக்கடி குறிப்பிடும் மெழுகு, உலோகம், பழைய புத்தகம் போன்ற சாயல்களைப் ‘பழம்பாட்டில் விளைவு’ என்கிறார்கள். இது பாட்டிலுக்குள் நடந்த மாற்றம் என்பது ஒரு தரப்பு; அன்றைய விஸ்கியே அப்படித்தான் இருந்தது என்பது மறுதரப்பு. ஷாக்கிள்டன் பாட்டிலின் உறுதியைப் பார்த்தபிறகு, நல்ல மூடியும் நிறைந்த கழுத்தும் இருட்டும் வாய்த்த பாட்டிலில் மாற்றம் சிறியது என்றே கொள்ள வேண்டும். கார்க்கைவிட உலோகத் திருகுமூடி பெரும்பாலும் நன்றாகக் காத்திருக்கிறது. கார்க் வைத்த விஸ்கியை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாட்டில் உண்மையானதா? சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஊரில் ஒரு விடுதி, 1878ஆம் ஆண்டு மக்காலன் விஸ்கி என்று வைத்திருந்த பாட்டிலிலிருந்து 2017ல் ஒரு சிறு கோப்பையை ஏறத்தாழ 10,000 சுவிஸ் ஃபிராங்குக்கு விற்றது. சந்தேகம் எழுந்து ஆராய்ந்தபோது, அது 1970களின் தொடக்கத்தில் வடித்தது, சிங்கிள் மால்ட்கூட அல்ல, கலப்பு விஸ்கி என்று தெரிந்தது. விடுதி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள பல்கலைக்கழகங்களின் கூட்டு ஆய்வு மையத்தில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தார்கள்; அவற்றில் 21 போலியாகவோ, சொன்ன ஆண்டைச் சேராதவையாகவோ இருந்தன.

சோதனை முறை வியப்பானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுகள், காற்றில் கதிரியக்கக் கார்பன்-14ன் அளவை வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இருமடங்காக்கின. 1963ல் வளிமண்டலச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபிறகு, கடலும் தாவரங்களும் அதை உள்வாங்க உள்வாங்க, அளவு ஆண்டுதோறும் இறங்கியது. பார்லி ஓராண்டுப் பயிர். அந்தக் கோடையின் காற்றிலிருந்து மட்டுமே கார்பனை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கார்பன் மாவுச்சத்தாகி, சர்க்கரையாகி, ஈஸ்ட் வழியே ஆல்கஹாலாகிப் பாட்டிலுக்குள் வந்து நிற்கிறது. கார்பன்-14ன் அரைவாழ்வு 5730 ஆண்டுகள் என்பதால் ஐம்பது ஆண்டில் குறிப்பிடத்தக்க அளவு குறையாது. 1967ல் வடித்த விஸ்கி பெரும்பாலும் 1966ன் அறுவடையிலிருந்து வந்திருக்கும். அதன் ஆல்கஹாலில் கார்பன்-14 இயற்கை அளவைவிட 60 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் லேபிள் பொய் சொல்கிறது. அளவு ஏறி இறங்கியதால் ஒரே எண் ஏறுமுகத்தில் ஓர் ஆண்டையும் இறங்குமுகத்தில் ஓர் ஆண்டையும் காட்டும். அப்போது கண்ணாடி வார்ப்பும், மூடியின் வகையும், இத்தாலி அரசு கழுத்தில் ஒட்டிய வரிச்சீட்டும், 75 சென்டிலிட்டர் என்ற பழைய அளவும் தீர்ப்புச் சொல்லும். மனிதர்கள் பூமிக்குச் செய்த பெரும் தீங்கு ஒன்று, ஒரு தானியம் எந்த வெயிலில் விளைந்தது என்று சொல்லும் கடிகாரமாகியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

உண்மையான பாட்டில் என்று தெளிந்தபின் சுவைப்பதற்கு அதிகம் தேவையில்லை. வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பையில் 15, 20 மில்லிலிட்டர் போதும். விஸ்கி நிறுவனங்களின் கலவை வல்லுநர்கள் நாள் முழுக்க வேலை செய்வது மூக்கால்தான். நாக்குக்கு ஐந்து அடிப்படைச் சுவைகளே தெரியும், மூக்கிலோ ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. கோப்பைக்குள் மூக்கை நுழைத்து ஆழ இழுத்தால் ஆல்கஹால் ஆவி ஏற்பிகளை மழுங்கடித்துவிடும். வாயை லேசாகத் திறந்தபடி, விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, குறுகிய மூச்சுகளாக நுகர வேண்டும். பழைய பாட்டிலைத் திறந்த முதல் சில நிமிடங்களில் அடைபட்ட வாடை ஒன்று வரும். கால்மணி நேரம் விட்டால் பெரும்பாலும் விலகிவிடும். அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதக் கூடாது.

வாயில் வைத்ததும் வரும் எரிச்சல் சுவை அல்ல, வலி. மிளகாயின் காப்சைசினைப் பிடிக்கும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. வழக்கமாகச் சுமார் 42 டிகிரி செல்சியஸில் விழிக்கும் அந்த ஏற்பி, ஆல்கஹால் முன்னிலையில் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. உடலின் சொந்தச் சூடே அதற்குத் தீயாகத் தெரிகிறது. முதல் துளியை நாக்கில் சில விநாடி வைத்திருந்தால் எரிச்சல் அடங்கும். இரண்டாம் துளியில்தான் விஸ்கி தெரியும். விழுங்கியபின் மூச்சை மூக்கு வழியே விடும்போது தொண்டையிலிருந்து மணம் மேலேறும். அங்கேதான் இளம் மால்ட்டின் தானியம் வெளிப்படும்: முளைகட்டிய தானியத்தின் இனிப்பு, வைக்கோல், பச்சை ஆப்பிள், பாதாம் தோலின் லேசான கசப்பு.

நீர் சேர்ப்பதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் இருவரும் 2017ல் கணினி மாதிரியால் இதை ஆராய்ந்தார்கள். விஸ்கியின் புகை மணத்துக்கு உரிய குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதத்துக்குள் இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பை ஒட்டித் திரள்கிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் இருப்பதுதான் மூக்கை எட்டும். 40 சதவீதத்தில் அடைத்த பழைய பாட்டிலுக்கு நிறைய நீர் தேவைப்படாது. சில துளிகள் போதும். நீளமான எஸ்டர்கள் கரைசலிலிருந்து பிரிந்து திரவம் மங்கலாகலாம். அது கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல. குளிரவைத்து வடிகட்டி அந்த எஸ்டர்களை நீக்கும் வழக்கம் தோற்றத்துக்காக வந்தது. நீங்குவதில் வாயை நிறைக்கும் எண்ணெய்ப்பசையும் உண்டு.

இப்படிப்பட்ட பாட்டிலைத் தனியாகச் சுவைப்பதில் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஐந்து வயது கிளென் கிராண்ட் இத்தாலியில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வகைக் கோப்பையில், ஒரே அளவில், ஒரே நீரோடு பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டிலும் வரும் ஆப்பிளும் பேரிக்காயும் அந்த உயர்ந்த வாலைகளுக்கும் மேஜரின் குளிர்கலத்துக்கும் உரியவை. ஐம்பது ஆண்டாக அவை மாறவில்லை. பழையதில் மட்டும் எழும் மெழுகும் உலோகச் சாயலும் ஓரளவு பாட்டிலுக்கும் மூடிக்கும் உரியவை; அவற்றைக் கழித்துவிடலாம். பழையதில் மட்டும் வரும் கனமும், வறுத்த கொட்டையும், நாக்கின் ஓரத்தில் தங்கும் எண்ணெய்ப்பசையும்தான் நாம் தேடி வந்தவை. 1966ன் கோடையில் விளைந்த பார்லி, பீர் ஆலையின் ஈஸ்ட், நிலக்கரித் தீ, அடியைச் சுரண்டிய சங்கிலி ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை அது. இந்த நான்கில் எதையும் மறுபடி கொண்டுவர முடியாது என்பதில்லை. சில வடிசாலைகள் கோல்டன் பிராமிஸை மீண்டும் விதைக்கவைக்கின்றன. ஸ்பிரிங்பேங்க்கும் கிளென்ஃபார்க்லஸும் நேரடி நெருப்பைக் கைவிடவே இல்லை. எதைத் திரும்பக் கொண்டுவந்தால் எந்தச் சுவை திரும்பும் என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க, திறந்து சுவைக்கப்படும் பழைய இளம் பாட்டில்கள் தேவை. ஏலக் கூடத்திலிருந்து ஏலக் கூடத்துக்கு மூடியபடியே கைமாறும் பாட்டில் அதற்கு உதவாது.